புருவம் சொன்ன பதில்

அம்மாவுக்கு,

உன் இருமல் நின்றதா? அப்பாவின் முழங்கால் தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன்.

மாண்ட்ரியல் இளைஞர் கண்டுபிடிப்புப் போட்டியில் நானும் நம் ஊர் சியாசியும் எங்கள் திட்டத்தைச் சொன்னோம். நம் ஊர் டீசல் மின்நிலையம் வீணாக வெளியே விடும் சூட்டைக் குழாய் வழியே பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனால், குளிரில் மறுபடி பள்ளியை மூட வேண்டியதில்லை.

"கடுங்குளிர்லயும் இது வேலை செய்யுமா?" என்று கேட்டார் நடுவர் அம்மா. புருவத்தைத் தூக்கினேன். மறுபடி கேட்டார். மறுபடி தூக்கினேன். 'பதில் இல்லை' என்று எழுதப் போனார்.

சியாசி கத்திவிட்டாள். "ஐயோ மேடம், ரெண்டு தடவை ஆமான்னு சொல்லிட்டான்! எங்க வடக்குல இனுயிட் ஆளுங்க அப்படித்தான். டேய் புட்டுலிக், இவங்க தெற்கத்திக்காரங்க, வாயைத் திறடா!"

அரங்கமே சிரித்தது. முதலில் மாண்ட்ரியலில் சோதித்துப் பார்க்கலாமே என்றார் நடுவர். மூக்கைச் சுருக்கினேன்.

"இது இல்லைன்னு அர்த்தம், சரியா?" என்று அவரே கேட்டார்.

"ஆமா. குளிர் எங்க ஊர்ல இருக்கு. சோதனையும் அங்கதான்" என்றேன்.

ஒப்புக்கொண்டார்கள்; குழாய்களுக்குப் பணமும் தருகிறார்கள்.

காய்ந்த மீன் கொஞ்சம் கூடுதலாக அனுப்பு. இங்கே நான் வேலை பார்க்கும் இடத்தில் சாப்பாட்டு நேரத்தில் பேச ஆளில்லை. குழாய் நுழையப்போகும் பள்ளிக்கூடத்து வடக்குச் சுவரை ஒட்டி யாரும் எதையும் அடுக்கக் கூடாது என்று சொல்லிவை. கோடைக் கப்பலில் குழாய்களோடு நானும் வந்து இறங்குவேன்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உன் மகன்,
புட்டுலிக்