எறும்பளவு வேந்தரும் ஏரிக்கரைப் பச்சையும்

நலம் பெருகுக, பருவம் தவறாது மழை பொழிக. மூன்று ஆறுகளுக்கு நாயகரும் (அவற்றில் ஒன்றில் தண்ணீரும் உண்டு), ஏழு மலைகளை உடையவரும், பகைவர் கனவிலும் யானைமேல் அமர்ந்தே தோன்றுபவருமாகிய குவளைநாட்டு வேந்தர் நள்ளித்தேவர் திருவாய் மலர்ந்தருளியபடி, அவர்தம் ஓலைநாயகமாகிய பொற்சாத்தன், வடவாயிற் கோட்டைக் காவலர் இளம்பூதன் மாறாயருக்கு விடுக்கும் ஓலை. நும் கோட்டையும் குதிரைகளும் நலமே நிற்க. நும் இடுப்புவலி மட்டும் நலம் குன்றுக.

சித்திரக்காரன் தவுரோசனை நீவிர் அறிவீர். உப்புப்பாலைக்கு அப்பால் தன் ஊரை மணல் மூடியபின், மனைவியும் ஒரு கழுதையும் தூரிகைக் கட்டுமாகப் பதினோராண்டுகளுக்கு முன் நும் வாயில் வழியாகவே உள்ளே வந்தவன். அவன் தாய் இட்ட பெயர் வேறு. நம் சுங்கக் கணக்கர் நாவுக்கு அது வளையாமையால் தவுரோசன் என்று எழுதிக் கொடுத்தார். அவனும் தலையசைத்து வாங்கிக்கொண்டான்.

தெய்வங்களையும் அரசர்களையும் விட்டு, மலை, வயல், நீர் என்று வெறும் நிலத்தை எழுதுவதே அவன் தொழில். ஒரே மேட்டில் ஓலைத்தொப்பியோடு நாள் முழுவதும் இருப்பான். மறுநாளும் அங்கேயே வருவான். நேற்றுப் பார்த்த மலைதானே, எழுந்து ஓடியா போய்விடும் என்று ஓர் உழவர் கேட்டதற்கு, "மலை இருக்கு ஐயா, நேத்து வெயில் போயிருச்சே" என்றானாம்.

இத்தகையவனிடம், நாடு முழுவதையும் புதிய மண்டபத்து ஒரே சுவரில் எழுதுக என்று தேவர் பணித்தார். எட்டுத் திங்கள் எழுதினான். வைகாசிக் கடைசியில் திரை விலகிற்று. நம் அரண்மனைச் சித்திர முறை நீவிர் அறிந்ததே: வேந்தர் மலையளவு, அமைச்சர் பனையளவு, குடிகள் குதிரையின் முழங்காலளவு, காலமோ என்றும் கார்காலம். கோடை என்று ஒன்று உண்டென இந்நாட்டில் எந்த அரண்மனைச் சுவரும் இதுவரை ஒப்புக்கொண்டதில்லை. இவன் சுவரிலோ சித்திரை வெயில் காய்ந்தது; மலைகள் பழுப்பாக நின்றன; வேந்தரைக் காணவில்லை.

நாம் எங்கே என்று தேவர் வினவினார். அவன் ஏணியில் ஏறி, பெருநள்ளி ஏரிக்கரைமேல், செங்குடையின் கீழ் ஓர் எறும்பளவுப் புள்ளியைத் தூரிகையின் வால்முனையால் காட்டினான். தேவர் கரையைப் பார்வையிட வந்த நாளில் மேட்டிலிருந்து அவ்வளவே தெரிந்ததென்றும், குடையை மட்டும் மரியாதைக்காகச் சற்றே பெரிதாக்கியதாகவும் விண்ணப்பித்தான். அவையினர் அறுபதின்மரும் ஒரே நேரத்தில் கூரையை ஆராயத் தொடங்கினர். அன்று மாலையே அவனை நாடு கடத்தும் ஓலை புறப்பட்டது. அதை எழுதியதும் இந்தக் கைதான். எழுத்து அழகாகவே வந்திருந்தது.

சுவருக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு குழைந்துகொண்டிருந்த மூன்று நாளும், தேவர் தனியே சுவரில் மூக்கு உரச நின்று தம் உருவைத் தேடித் தேடிப் பார்த்தார். அப்போதுதான் தம் உருவின் காலடியில், கரையின் வெளிப்புறத்தில், காய்ந்த மண்ணின் நடுவே வெற்றிலையளவு பச்சை ஒன்று இருப்பதைக் கண்டார். உலகமே வாடிய வெயிலில் இதற்கு மட்டும் ஏது நீர் என்று ஏரிவாரியத்தாரைக் கேட்டார். கரை கல்லெனத் திடம் என்று ஆண்டுக்கு இருமுறை, பல்லக்கிலிருந்து இறங்காமலே சான்றளிக்கும் அப்பெருமக்கள், அயலான் கையில் பச்சை மிஞ்சியிருக்கும், அங்கே அப்பிவிட்டான் என்று விளக்கினர்.

தேவருக்கு அவ்விளக்கம் ஒப்பவில்லை. யானையின்றி, முரசின்றி, நடந்தே சென்றார். அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மருதி என்பாள் உரைத்ததை அவள் வாக்கிலேயே தருகிறோம்: "ரெண்டு கோடையா எங்க ஆடு இங்கதான் சாமி மேயுது. கரை கசியுதுல்ல, புல்லு நல்லா வருது. பல்லக்குல போறவங்க யாரும் கேக்கல, நாங்களும் சொல்லல." குடைபிடிப்போன் தன் கோலைக் கரையில் ஊன்றினான், அது முழங்கை ஆழம் சிரமமின்றி உள்ளே போயிற்று.

கரைக்குக் கீழே பதினொரு ஊர்கள் உள்ளன என்பதை நாம் சொல்ல வேண்டுவதில்லை. நானூறு பேர் இருபத்திரண்டு நாள் களிமண் இடித்தனர். வாரியத்தாரும் பல்லக்கை விட்டிறங்கி இடித்தனர். நேற்று முன்தினம் பெருமழை வந்தது. ஏரி நிறைந்தது. கரை நின்றது.

இனி நும் செய்தி. கடத்தச் சொன்னவரை நீவிர் இன்னும் கடத்தவில்லை என்றும், வண்ணக் கலயங்களைச் சோதிப்பதாகச் சொல்லி ஒரு திங்களாக நிறுத்திவைத்து, கோட்டை வாயிலையும் அதன்முன் குதிரைமேல் நும்மையும் எழுதச் சொல்லி நச்சரிக்கிறீர் என்றும் ஒற்றர் கூறுகின்றனர். அரசாணையைத் தாமதித்தல் பெருங்குற்றம். அக்குற்றம் செய்தமைக்காகத் தேவர் நும்மை மனமாரப் பாராட்டுகிறார்.

ஆகவே ஆணை. கடத்தல் ஓலையை அவர் கண்முன் கிழித்தெறிக. ஏரிக்கரை மேட்டில் வீடு காத்திருப்பதாகச் சொல்லி, அவரையும் மனைவியாரையும் கழுதையையும் தக்க துணையோடு அனுப்புக. வர மனமில்லை என்றால் கட்டாயப்படுத்தாது, மனம் மாறும்வரை நல்ல சோறிட்டுக் கெஞ்சுக. அவர் பெயரை அவரிடமே கேட்டு, கணக்கரின் நா சுளுக்கினும் பாதகமில்லை, அவர் சொன்னபடியே குடிப்பதிவில் எழுதுக. நும் சித்திரத்தில் குதிரை வாயிலைவிட உயரமாக இருப்பின், அவர் புறப்படுமுன் குறைத்து எழுதச் செய்க.

இது தேவர் ஆணை, இலச்சினை இட்டோம்.

இலச்சினை இட்டபின் தேவர் எம்மை அருகழைத்துத் தாழ்ந்த குரலில் சொன்னது: சுவரில் ஒரு கோடும் மாற்ற வேண்டா, எம் உருவும் இருந்தபடியே இருக்கட்டும். ஆயினும் சுவரைப் பார்க்க வந்த மருதி, அதில் தன் ஆடுகளைக் காணோமே என்று கேட்டுவிட்டாள். நாமும் சரி என்று வாக்களித்துவிட்டோம். அப்பச்சையில் இரண்டு ஆடுகளை எழுதித் தருவாரா? அவை எம்மைவிடச் சற்றேனும் சிறியனவாக இருந்தால் மகிழ்வோம். இது ஆணையன்று, கேட்டு மட்டும் பார்க்கச் சொன்னார்.