வேன் நிற்கிற இடத்தில் ஒரு நல்ல சேதி

வெள்ளையடிக்க ஆள் வருகிறது, ஏழாம் வகுப்பு பீரோவைக் காலி பண்ணுங்கள் என்றார்கள். அடித்தட்டில், பழைய வருகைப் பதிவேடுகளுக்குக் கீழே ஒரு கட்டு கிடந்தது. தொட்டதும் ரப்பர் பேண்ட் பொடிந்து விழுந்தது. பட்டாசுப் பெட்டியில் ஒட்டுகிற மயில் லேபிள். கலர் ஒதுங்கி அச்சானது. நீலம் ஒரு பக்கம், மயில் ஒரு பக்கம். மூக்கருகே கொண்டுபோனேன். அச்சு மை வாடை இன்னும் போகவில்லை. அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். "என்ன டீச்சர், கண்ணுல தூசியா?" என்று வெள்ளையடிக்க வந்தவர் கேட்டார். ஆமாம் என்றேன்.

நீ கொண்டுவந்து வைத்த கட்டுதான். அச்சகங்களில் கழித்துப் போட்ட தாள் நீ அத்தா என்று கூப்பிடுகிற உங்க அப்பாவின் பேப்பர் கடைக்கு வரும். அதில் பார்க்க லட்சணமாக இருப்பதைப் பொறுக்கியெடுத்து, கத்திரிக்கோலால் வெட்டி, என்னமோ புதையல் எடுத்தவள் மாதிரி ஒரு திங்கட்கிழமை தூக்கிக்கொண்டு வந்தாய். ஏழாம் வகுப்பில் எழுத்துக்கூட்டி வாசிக்கக்கூட வராதவர்கள் எட்டுப் பேர். தமிழ் உன் பாடம், கணக்கு என் பாடம். "ஒரு பக்கம் தானா வாசிச்சா ஒரு மயிலு" என்று அறிவித்தாய். நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"பரிசு குடுத்துப் பழக்குனா, பரிசு இல்லாத அன்னைக்குப் புத்தகத்தத் தொடுமா இதுக? நாமெல்லாம் என்னத்த வாங்கிட்டுப் படிச்சோம்?" என்று ஓய்வறையில் வைத்து உன்னைப் பிடித்தேன். என் வாய் உனக்குத் தெரியாததா! நீ டிபன் பாக்ஸை மூடாமல் என்னைப் பார்த்தாய். "நீ பி.எட். பாஸானதும் மொதல்ல யாருகிட்டப் போய்ச் சொன்ன?" "எங்கம்மாகிட்ட." "அவுக மொகத்தப் பாத்தேல்ல? அப்ப நீயும் வாங்கிக்கிட்டுத்தான் படிச்சிருக்க. சும்மா இரு." எனக்கு வந்த கோபத்தில் உன் டப்பாவிலிருந்த வடையை எடுத்துத் தின்றுவிட்டுப் போய்விட்டேன்.

அன்றைக்கு உன்னிடம் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். அந்த லேபிள் செல்லாது என்று எனக்கு முதல் நாளே தெரியும். சாத்தூரில் எங்கம்மா தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டித்தான் என்னைப் படிக்க வைத்தது. நகக்கண்ணில் எப்போதும் பசை காய்ந்திருக்கும். அந்தப் படங்களைக் கண்டாலே எனக்கு அந்த நகம்தான் கண்ணில் நிற்கும். கடைக்காரர் வீட்டில் வளர்ந்த உனக்கு அது அழகான படம். இந்தப் பிள்ளைகளுக்கு அது வேலை. இதை ஒரு வார்த்தை உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நீ தோற்கட்டும் என்று பேசாமல் இருந்தேன். எம்புட்டுக் கெட்ட மனசு பார்.

நான் நினைத்தபடியே நடந்தது. இரண்டு வாரம் சில பிள்ளைகள் ஆசையாக வாங்கினார்கள். பிறகு பாண்டீஸ்வரி எழுந்தாள். எட்டுப் பேரில் அவள்தான் கடைசி. பரீட்சை முடிந்ததும் படிப்பை நிறுத்தி வீட்டோடு வைத்துக்கொள்ளப் போவதாக அவள் அம்மா சொல்லியிருந்தது நம் இருவருக்கும் தெரியும். ஏழு வருசமாகப் போயும் வாசிக்க வரவில்லையே, இனிமேல் போய் என்ன ஆகப்போகிறது என்பது அந்த அம்மாவின் வாதம். அந்த அம்மாவைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. அன்றைக்குப் பாண்டீஸ்வரி நின்று, விரலை வரிக்கு வரி நகர்த்தி, வியர்த்து, ஒரு பக்கத்தை முழுசாக வாசித்து முடித்தாள். வகுப்பே கை தட்டியது. நீ மயிலை நீட்டினாய். வாங்கிப் பார்த்துவிட்டு மேசையிலேயே வைத்தாள்.

"வேண்டாம் டீச்சர். எங்கம்மா கம்பெனியில இதத்தான் நாளெல்லாம் ஒட்டுது. சீசன்னா வீட்டுக்கும் கொண்டாந்து நானும் சேந்து ஒட்டுவேன்."

உன் முகம் விழுந்துபோனது. நான் வாசலில் நின்று சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் என் காதில் கேட்கிறது, சண்டாளச் சிரிப்பு. நீ என் பக்கம் திரும்பவேயில்லை. அவளிடம் குனிந்து, "அப்ப ஒனக்கு என்னத்தா வேணும்?" என்று கேட்டாய். அவள் புத்தகத்தை மூடினாள். "எங்கம்மாகிட்டச் சொல்லுங்க டீச்சர். நான் சொன்னா நம்பாது."

அந்த அம்மா காலையில் ஏழு மணிக்கு முன்னால் பட்டாசுக் கம்பெனி வேன் ஏறினால் சாயங்காலம்தான் இறங்கும். பள்ளிக்கூடத்துக்கு இரண்டு தடவைதான் வந்திருக்கிறது, இரண்டு தடவையும் நாம் புகார் சொல்லக் கூப்பிட்டு. அதனால் நீ வேன் நிற்கிற இடத்துக்கே கிளம்பினாய். வேடிக்கை பார்க்க நானும் உன் வண்டியில் பின்னால் ஏறிக்கொண்டேன்.

நம் ஊரில் வேன் வருகிற நேரத்தில் ஆள் காத்துக்கொண்டு நின்றால் அதற்கு வேறு அர்த்தம்: யாருக்கோ கெட்ட சேதி. ரெண்டு டீச்சருமே அதை யோசிக்கவில்லை. வேன் வந்தது. தூக்குவாளியோடு இறங்கின அந்த அம்மா உன்னைப் பார்த்தது. வாளி கையை விட்டு உருண்டது. "டீச்சர், எம்புள்ளைக்கு என்ன ஆச்சு? சொல்லுங்க டீச்சர்!" வேனுக்குள் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"ஐயோ, ஒண்ணும் ஆகலம்மா! பாண்டீஸ்வரி இன்னைக்கு ஒரு பக்கம் முழுசா வாசிச்சா. யாரும் சொல்லிக்குடுக்கல. அதச் சொல்லத்தான் வந்தேன்."

"இதுக்கா வந்தீக?"

"இதுக்குத்தான் வந்தேன்."

அந்த அம்மா ரோட்டோரத்தில் அப்படியே உட்கார்ந்தது. முதலில் உன்னைத் திட்டியது: "ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு, இப்படியா வந்து நிப்பீக?" பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்தது. வேன் ஜன்னலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த தலைகளை ஒரு தடவை திரும்பிப் பார்த்தது. அப்புறம் உன்னிடம், "இன்னொரு தடவ சொல்லுங்க டீச்சர். இவுகளுக்குச் சரியாக் கேக்கல" என்றது. எல்லாருக்கும் கேட்டிருந்தது, புள்ள. நீ அசரவில்லை. தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி சத்தமாக இன்னொரு தடவை சொன்னாய். டிரைவர் கூட ஹாரன் அடிக்கவில்லை.

திரும்பி வரும்போது வண்டியில் நீ குத்திக் காட்டவில்லை. உன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தேன். மன்னிப்பு கேட்கிற பழக்கம் எனக்கு எங்கே இருக்கிறது?

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை தவறாமல் நீ அங்கே நின்றாய். "இந்த வாரம் எங்கம்மாகிட்டச் சொல்லுவீகளா?" என்று பிள்ளைகள் உன்னை மொய்த்தார்கள். எட்டுப் பேரும் வாசித்துவிட்டார்கள் என்று எழுதினால் அது பொய். இரண்டு பேர் நின்றுபோனார்கள், நாம் வீடு வரைக்கும் போயும் முடியவில்லை. ஆனால் ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்றைக்குப் பாண்டீஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மா வந்தது. அரைநாள் லீவு போட்டு வந்ததாம். "எட்டாப்புல பேரு இருக்கான்னு பாத்துட்டுப் போறேன்" என்றது. உன் கண் கலங்கியதை நான் பார்த்தேன். பார்த்தும், பதிவேட்டைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

நீ போன அன்றைக்கு உங்கள் வீட்டில் பெண்கள் கூட்டம் தாங்கவில்லை. எந்த நோயும் உனக்கு இருப்பதாக நீ யாரிடமும் சொல்லியிருக்கவில்லையே, பாவி. உங்க அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். பாண்டீஸ்வரி வந்தாள், அப்போது பத்தாவது முடித்திருந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு உங்க அம்மா முன்னால் போய் உட்கார்ந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "அம்மா, எனக்கு வாசிக்கச் சொல்லிக்குடுத்தது ஒங்க மகதான். எங்கம்மாகிட்ட என்னப் பத்தி நல்லதாச் சொன்னதும் அவுகதான். அதச் சொல்லத்தான் வந்தேன்." உங்க அம்மா அவள் கையைப் பிடித்தவர்கள் விடவேயில்லை. பத்து வருசம் உன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்த நான் கதவோரமாக நின்றேன். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போது வெள்ளிக்கிழமை நான்தான் நிற்கிறேன். உன்னை மாதிரி எனக்கு இனிக்க இனிக்கப் பேச வராது. "ஏத்தா, ஒம்மக வகுத்தல் போட்டுட்டா, போதுமா?" என்று கத்துகிறேன். அதற்கே அவர்கள் முகம் மலர்ந்துபோகிறது. வேன் திரும்புகிற முக்கிலேயே "நல்ல சேதிதான்!" என்று கையை ஆட்டிவிடுகிறேன், யாருடைய வாளியும் விழக்கூடாது என்று.

பிள்ளைகளைப் பற்றி ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டேன். உன்னைப் பற்றிச் சொல்ல வேண்டியவர்களிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. நாளை சாயங்காலம் இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்குப் போகிறேன். வாசலில் உங்க அம்மாவை உட்கார வைத்து, அக்கம்பக்கம் கேட்க, நான் சிரித்த சிரிப்பையும் விடாமல் வாசிக்கப் போகிறேன். அவர்களுக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம். இன்னொரு தடவை சொல்லச் சொன்னால், சொல்கிறேன்.