சாவி கையில் இருந்தது

வியாழன் இரவு.

படபடப்பு இன்னும் அடங்கவில்லை. இன்று விஞ்ஞானப் பாடத்தை விளையாட்டாக்கி, எட்டாம் ஆண்டுப் பிள்ளைகளை வகுப்பறைக்குள் வைத்துப் பூட்டினேன். மின்சுற்றுப் புதிர்களை விடுவித்தால் பெட்டி திறக்கும். பெட்டிக்குள் கதவுச் சாவி. உள்ளிருந்தே திறந்துகொண்டு வெளியே வரலாம்.

முதலில் ஒரே கூச்சல். பிறகு சத்தமே இல்லை. பள்ளிக்கூடம் விடும் மணியும் அடித்துவிட்டது. இரத்தோட்டை பஸ்ஸை விட்டால் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வேறு பஸ் இல்லை. யாராவது மயங்கிவிட்டார்களோ என்று பயந்து மாற்றுச் சாவியைப் போட்டுத் திறந்தேன்.

எல்லோரும் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். வகுப்பு மொனிட்டர் சுகன்யாவின் கையில் சாவி.

"எப்பவோ கண்டுபுடிச்சிட்டோம் டீச்சர்."

"அப்ப ஏன் தொறக்கல? பஸ் போயிருமே!"

"நீங்க வெளிய போகச் சொல்லலையே டீச்சர்."

"ஓடுங்க!" என்று கத்தினேன்.

அப்போதும் வரிசையாக, நடந்துதான் போனார்கள்.