என் வால்வு ஒழுகுகிறது

சின்னவளின் அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். உன் முழங்கால் வலி தேவலையா?

இதய வால்வு வழியாக எவ்வளவு ரத்தம் பாய்கிறது என்று எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் அளக்க ஒரு வழி செய்துகொண்டிருந்தேனே, அது நேற்று பலித்துவிட்டது! சோதிக்க ஆள் கிடைக்காததால் நானே இயந்திரத்துக்குள் படுத்தேன். எனக்கு வரவேண்டிய பதவியில் உட்கார்ந்திருக்கிறானே, அந்தத் துறைத்தலைவன்தான் மைக்கில், "மூச்சை அடக்குங்க சார், இன்னும் கொஞ்சம்" என்றான். அவன் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

திரையில் ரத்தம் சிவப்பாகப் பாய்ந்தது. அப்படி ஓர் அழகு! ஆனால் ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் நீலமாகப் பின்னால் திரும்பியது.

"உங்க கணக்குலதான் சார் எங்கயோ தப்பு" என்று சிரித்தான். மறுபடி மறுபடி எடுத்தோம். கணக்கு சரி, என் வால்வுதான் ஒழுகுகிறது! அவன் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

பயப்படாதே. அடுத்த மாதம் ஆபரேஷன் செய்து வால்வைச் சரிசெய்துவிடுவார்கள். சம்மதக் கையெழுத்துப் போட என் தரப்பில் ஓர் ஆள் வேண்டுமாம். "நான் போடறேன் சார்" என்கிறான் அவன். அவன் தயவு எனக்கு வேண்டாம். நீ கிளம்பி வா. என் பழைய போர்வையையும் எடுத்து வா, இங்கே ஆஸ்பத்திரியில் கொடுக்கும் போர்வை கால்வரை எட்டாது.

ஸ்கேன் அறையில் கூப்பிடுகிறார்கள். எழுந்து போகிறேன்.

உன்னவன்