தொடச் சொன்ன தோள்

அன்புள்ள மாமாவுக்கு,

நூம்பல் முனையில் யாரோ எறிந்த கல்லில் லாரி டிரைவர் செத்துப்போனார். கடையிலிருந்த நான் கல்லைத்தான் பார்த்தேன், எறிந்தவன் முகத்தைப் பார்க்கவில்லை. போலீஸ் நம் தெருவில் ஆறு பேரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டது.

"நாளைக்கு அடையாளம் காட்ட வந்து எவன் தோளையாவது தொடும்மா. மத்தவங்கள வுட்டுர்றேன். இல்லாங்காட்டி ஆறு பேரும் உள்ளதான்" என்கிறார் இன்ஸ்பெக்டர்.

அந்த ஆறு பேரில் வேம்புலியைத் தொடச் சொல்லித் தெருவே வாசலில் நிற்கிறது. "அவனுக்கு இன்னா, பொண்டாட்டியா புள்ளையா?" என்கிறார்கள். கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன்.

ஸ்டேஷனுக்குச் சோறு கொண்டுபோனபோது வேம்புலியே கம்பிக்குள்ளிருந்து, "என்னியே தொட்டுடு அக்கா" என்றான். அதற்குப் பிறகுதான் பயம் அதிகமாகிவிட்டது. அவன் சம்மதித்தாலும் தொடுவது என் கைதானே?

நான் யாரையும் தொடப்போவதில்லை.

சோறு யாருக்குக் கொண்டுபோனாய் என்று கேட்பீர்கள். உங்கள் தம்பிக்குத்தான். அந்த ஆறு பேரில் அவனும் ஒருவன்.

உங்களை நினைத்தும் பயப்படும்,
உங்கள் மனைவி