ஒற்றைக் கை வளையலோடு ஆசுபத்திரிக்கு

8-6-1953
நாற்பத்தொரு வயதில் கர்ப்பம். இருக்கிற ஒரே மகனுக்கு மீசை அரும்பிவிட்டது. பூதப்பாண்டியில் யாரும் சிரிக்குமுன் நானே வீடுவீடாகச் சொல்லிச் சிரித்துவிட்டு வந்தேன். ஊர் வம்பை எல்லாம் விளம்பியவள், என் வம்பை மட்டும் மூடிவைக்கலாமா?

11-6-1953
நாகர்கோவிலில் டாக்டர் சத்தியபாயைப் பார்த்தோம். பிரஷர் எனக்கு மூன்று வருஷமாகவே உண்டு. அதோடு வயது, கனத்த உடம்பு, பதினேழு வருஷ இடைவெளி, மகன் பேற்றில் கைகால் இழுத்து வந்த ஜன்னி, என் அம்மைக்கு வந்த ஜன்னி — கேட்டதற்கெல்லாம் ஆமாம். பள்ளிக்கூடத்தில்கூட இத்தனை மார்க்கு வாங்கியதில்லை என்றேன். அவர் சிரிக்கவில்லை.
"கை, முகம் வீங்கினா, தலைவலி விடாம இருந்தா, கண்ணுல மின்னினா அன்னைக்கே வந்துரணும். மறுபடி ஜன்னி கண்டா உங்களுக்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து."
உப்பையும் குறைக்கச் சொன்னார்.

2-7-1953
நார்த்தங்காய் ஊறுகாய்ப் பரணியை வீட்டுக்காரர் ஒளித்துவைத்தார். கண்டுபிடித்தேன். ஒரு துண்டுதான். சரி, இரண்டு.

9-11-1953
காலையில் வளைகாப்பு. போன வாரம் அளவு பார்த்து வாங்கிய வளையல், வலது கையில் சோப்புப் போட்டு ஏறியது. இடது கையில் ஏறவே இல்லை.
வீட்டுக்காரரின் அக்காள் உலகம்மைக்கு ஒரே சந்தோஷம். "ஏட்டி, கையப் பாரு, முகத்தப் பாரு. என்ன பூரிப்பு."
வந்தவர்களும் நல்ல சதை என்றார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தேன். மூன்று நாளாகத் தலைவலி. சடங்கு முடியட்டும் என்று யாரிடமும் சொல்லவில்லை, மடச்சி. திடீரென்று கண்முன் பொட்டுப் பொட்டாக மின்னியது.
"மதினி, டாக்டரப் பாக்கணும்."
"சடங்குப் பாதியில எழும்பப்பிடாதுட்டி."
"பாதியில நான் போய்ச் சேந்தா பரவாயில்லையா?"
மதினி என் முகத்தையே பார்த்தாள். பிறகு அவளே முற்றத்தில் இறங்கி, "ஏலே, கார் பிடிங்கலே" என்று கத்தினாள்.

10-11-1953
சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் காய்ச்சினார்கள். வெள்ளையாகத் திரிந்தது; ஜன்னி வரப்போகிறதற்கு அடையாளமாம். பிள்ளையை இனி உள்ளே வைத்திருக்க முடியாதாம். சிரிப்பு வரல்ல. பயமா இருக்கு — எனக்கில்ல, அதுக்கு. இல்ல, எனக்குந்தான்.

12-11-1953
பெண். நாலரை ராத்தல் எடை. இரண்டு பேரும் இருக்கிறோம்.

24-12-1953
டாக்டரம்மா பார்த்தார். பிள்ளைக்கு எடை ஏறியிருக்கிறது, எனக்கு வீக்கம் வடிந்திருக்கிறது. பிரஷர் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது.
"இத இனி ஆயுசு முழுக்க அளந்து பாக்கணும், கேட்டுதா?"
கேட்டது. கேட்காதவள் போல அந்த 'ஆயுசு முழுக்க'வை இன்னொரு தடவை சொல்லவைத்தேன்.