சஷ்டியில் எறியாமல் விட்ட லைலாக் இலைகள்

அக்கா,

இன்று காலை உங்கள் லைலாக் மரத்தில் மூன்று இலைகளைக் கண்டேன். தேநீர் சிந்திய கடுதாசி மாதிரி நுனியிலிருந்து பழுப்புப் படர்ந்திருந்தது. ஒன்றைக் கிள்ளி வெயிலுக்கு நேரே பிடித்தேன். இலையின் இரண்டு தோலுக்கும் நடுவில் ஏதோ நெளிந்தது. வேலியைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். பருப்பு அடிப்பிடித்த மணம்தான் என்னை உள்ளே கூப்பிட்டது. சட்டியை ஊறப் போட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதல்முதலாக இந்தப் பழுப்பைக் கண்ட அன்று நீங்கள் என்னைத்தான் சந்தேகப்பட்டீர்கள். புலம்பெயர்ந்து வந்த இந்த வெக்ஸ்போர்ட்டில் நம் இரண்டு வீட்டு வளவுக்கும் நடுவே வேலி. மரம் உங்களுடையது, கொப்புகளில் பாதி என் பக்கம். வேலிக்கு மேலால் எட்டிக் கேட்டீர்கள்.

"உண்மையைச் சொல்லும். சுடுகஞ்சி கிஞ்சி ஊத்தினனீரோ?"

"நான் ஏன் அக்கா மரத்துக்குக் கஞ்சி ஊத்துறன்? வெயில் எரிச்சிருக்கும்."

"வெயில் உம்மட பக்கம் மட்டும் பாத்து எரிக்குதோ?"

அந்தச் சொல் என்னைச் சும்மா இருக்க விடவில்லை. நூலகத்தில் பூச்சிகளைப் பற்றிய புத்தகம் ஒன்றை எடுத்து, அகராதியைப் பக்கத்தில் வைத்து நாலு நாள் வாசித்தேன். சின்ன அந்துப்பூச்சி ஒன்று இலையில் முட்டையிடும். பொரித்த புழு இலைக்குள்ளே புகுந்து சுரங்கம் தோண்டித் தின்னும். கொஞ்சம் வளர்ந்ததும் வெளியே வந்து, இலை நுனியைச் சுருட்டி அதற்குள் குடியிருக்கும். உங்களுக்கும் ஓர் இலையை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்த்தீர்கள்.

"அட, பேஸ்மென்ட்டில ஆக்கள் இருக்கினம். வாடகையும் இல்லை, ஒரு சத்தமும் இல்லை."

ஊரில் உங்கள் தமையன் புகையிலைக்கு அடித்த மருந்தைப் போல ஒன்று வேண்டும் என்று என்னையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனீர்கள். வீட்டுத் தோட்டத்துக்கு அப்படியான மருந்து இங்கே விற்பதில்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஆகவே கைதான் மருந்து. பழுத்த இலையைக் கிள்ளிப் பையில் போட்டு, இறுகக் கட்டி, சில நாள் வெயிலில் வைத்து எறிய வேண்டும். குளிருக்கு முன்னர் உதிர்ந்ததையெல்லாம் வாரி அகற்ற வேண்டும். ஏனென்றால் காய்ந்த இலையிலும் மரத்தடி மண்ணிலும் கூடு கட்டி அவை குளிர்காலம் முழுக்கத் தூங்கும். எந்தக் கொப்பில் எத்தனை இலை என்று நான் கொப்பியில் குறித்தேன். "இலைக்கும் கணக்கோ?" என்று பகிடி பண்ணினீர்கள். ஆனால் கிழமைக்கு ஒருமுறை "இந்த முறை எத்தனை?" என்று கேட்டதும் நீங்கள்தான்.

இரண்டு வருஷத்தில் மரம் தெளிந்தது. மே மாதத்தில் உங்கள் மாதாவுக்கென்று ஒரு கட்டுப் பூ வெட்டுவீர்கள், அதில் பாதியை வேலிக்கு மேலால் என் முருகனுக்குத் தருவீர்கள். "ரெண்டு பேருக்கும் ஒரே மரம். மேல ஒருத்தரோட ஒருத்தர் கோவிக்காமல் பாத்துக்கொள்ளும்" என்பீர்கள்.

பிறகு உங்கள் சிறுநீரகம் கைவிட்டது. கிழமைக்கு மூன்று நாள் வாகனம் வந்து உங்களை டயாலிசிஸுக்கு ஏற்றிப் போனது. மற்ற நாட்களில் குசினி யன்னலடிக் கதிரையில் இருந்து மரத்தைப் பார்ப்பீர்கள். "இனி நீர் பாரும். எனக்கு உந்த மரம் நல்லா இருந்தால் காணும்" என்று என்னிடம் விட்டீர்கள்.

இனித்தான் நான் சொல்லாததைச் சொல்ல வேண்டும்.

கந்தசஷ்டி ஆறு நாளும் ஓர் உயிரையும் கொல்வதில்லை என்பது கலியாணத்துக்கு முன்னரே நான் பிடித்த விரதம். எறும்பைக்கூட விலத்தி நடப்பேன். அந்த வருஷம் உங்கள் மரம் சரியாகச் சஷ்டிக்குள் இலை உதிர்த்தது. வாரும்போது கூடுகளைக் கண்டேன். பையில் கட்டினால் அது கொலைதானே? அத்தனையையும் மரத்தடியிலேயே, உங்கள் யன்னலுக்குத் தெரியாத பக்கமாகக் குவித்தேன். ஏழாம் நாள் பாறணை செய்து விரதம் முடித்த கையோடு கட்டிக் குப்பை வண்டிக்குக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். பாறணை அன்று பனி கொட்டிக் குவியலை மூடிவிட்டது. குளிரில் அவை தாமாகச் சாகட்டும், என் கையால் அல்லவே என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன்.

அன்று பின்னேரம் தொலைபேசியில் கேட்டீர்கள்: "இலையெல்லாம் குடுத்தாச்சோ?"

"ஓம் அக்கா. நாலு பை."

விரதம் முடித்த வாயாலே சொன்னேன். கொப்பியிலும் நாலு பை என்றே எழுதினேன்.

அடுத்த வருஷம் பூத்தது. யூன் முடிவதற்குள் மரம் முழுக்கத் தீய்ந்த நிறம். பக்கத்து வேலிகளில் இருந்தும் பூச்சி வந்திருக்கலாம்தான். ஆனால் பழுப்பு அடியில் இருந்து மேலே ஏறியதை நான் பார்த்தேன். ஒரு புதன்கிழமை உங்களை ஏற்ற வந்த டயாலிசிஸ் வாகனம் ஹோர்ன் அடித்துவிட்டு வெறுமையாகத் திரும்பியது. ஓடி வந்தேன். நீங்கள் யன்னலடியில் அசையாமல் இருந்தீர்கள்.

"நாலு பை அள்ளியும் வந்திட்டுதல்லோ. என்ர ரத்தத்தையும் கழுவிக் கழுவி விடுகினம். என்னத்துக்கு?"

"இதால மரம் சாகாதாம் அக்கா. புத்தகத்தில இருக்கு."

"புத்தகம் உந்த மரத்தைக் கண்டதோ?"

நான் அள்ளவில்லை, அதனால்தான் வந்தது என்ற ஒரு வசனம் போதும். அதைச் சொல்லாமல், "தேத்தண்ணி போடட்டே?" என்று கேட்டேன்.

வெள்ளிக்கிழமை நீங்கள் டயாலிசிஸுக்குப் போனீர்கள்தான். பிறகும் ஒழுங்காகப் போனீர்கள். ஓகஸ்டில் இதயம் நின்றது என்றார்கள். ஒரு புதன்கிழமை போகாததால் அல்ல என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கோப்பை கழுவும்போது கை நின்றுவிடுகிறது. தேவாரம் பாடும்போது பாதியில் வரி தப்புகிறது.

போன கிழமை விட்பியிலிருந்து உங்கள் மகள் தொலைபேசி எடுத்தாள். வீட்டை வாடகைக்கு விடப் போகிறாளாம்.

"அன்ரி, அந்த லைலாக் சிக் தானே, நோய் பிடிச்ச மரம். வெட்டச் சொல்லிட்டன்."

"வெட்டாதேங்கோ பிள்ளை. அது வருத்தக்கார மரமில்லை. நான் செய்த பிழை."

சஷ்டியையும் குவியலையும் நாலு பைப் பொய்யையும் சொன்னேன்.

"அப்ப, அது நீங்களா? அம்மாக்குத் தெரிஞ்சிருந்தா உங்களை வேலிக்கு எங்கட பக்கம் விட்டிருக்க மாட்டா." பிறகு சிரித்தாள், உங்களைப் போலவே மூக்கால். "ஓகே, கான்சல் பண்ணுறன். சனிக்கிழமை வாறன். என்ன செய்யிறதெண்டு எனக்கும் காட்டுங்கோ."

மரம் தப்பிவிட்டது. இந்த வருஷம் சஷ்டிக்குள் உதிர்ந்தாலும் அன்றன்றே பையில் கட்டுவேன் என்று முருகனிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறேன். சரியென்றோ பிழையென்றோ இன்னும் மனதில் ஒன்றும் படவில்லை.

அந்தப் புதன்கிழமையை மட்டும் அவளுக்குச் சொல்லவில்லை. வாகனம் திரும்பியதும் அவளுக்குத் தெரியாது, "என்னத்துக்கு?" என்று நீங்கள் கேட்டதும் தெரியாது. சொன்னால் எனக்குப் பாரம் இறங்கும். ஆனால் அவளுக்கு ஏறும். அவள் வேலைக்குப் போகும் வழி நீளம், அவ்வளவு தூரமும் அதையே யோசிப்பாள். ஆகவே சனிக்கிழமை அவளுக்கு இலையைக் கிள்ளக் காட்டுவேன். உங்கள் கேள்வியை நானே வைத்திருக்கிறேன், அக்கா.